சோப்பு டப்பா ஒப்பந்தம்

என் பெயர் இல்லாமல் அந்த வெப் சர்வரின் அடுத்த பதிப்பு வெளிவராது என்று, ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கூடத்தின் நடுவில் நின்று தீர்மானம் போட்டேன். கூட்டத்துக்கு வந்திருந்தவர் ஒருவர். அவரும் தையல் மெஷினை நிறுத்தவில்லை. முன்மொழியவில்லை, வழிமொழியவும் இல்லை. ஒரு சட்டைக் கையை முழுசாக ஓட்டி முடித்து, நூலைப் பல்லால் கடித்துவிட்டு, என் மனைவி கேட்டாள்.

"பேரு வந்தா என்ன ஆகும்?"

"வரலாறு ஆகும்."

"அது ஏற்கெனவே உள் அறை நிறைய இருக்கே, தலைவரே."

சாதாரண நாளில் என்னை 'ஏங்க' என்பாள். 'தலைவரே' என்று கூப்பிட்டால், எனக்குச் சொந்தமான ஏதோ ஒன்று சீக்கிரம் குறையப்போகிறது என்று பொருள்.

நான் பள்ளிக்கூடம் போனது ஐந்து வருஷம். மீதி எல்லாம் துண்டறிக்கை படித்தும் துண்டறிக்கை எழுதியும் கற்றது. முப்பத்தெட்டு வருஷம் ஆலை வாசலில் நின்று கத்தினேன். என்னிடம் முழக்கம் போடக் கற்றவர்கள் இன்று குளிர் அறையில் உட்கார்ந்து ஆட்குறைப்புக்குக் கையெழுத்துப் போடுகிறார்கள். சங்கம் மூன்றாக உடைந்தபோது பாகம் பிரித்தார்கள். ஒருவருக்குக் கட்டடம். ஒருவருக்குக் கொடி. எனக்கு அலுவலகத்தில் இருந்த பழைய கணினியும், யாரும் கையில் வாங்காமல் தேங்கிய துண்டறிக்கைக் கட்டுகளும். கட்டுகள் உள் அறைக்குப் போயின. கணினி கூடத்து மூலைக்கு வந்தது. வீட்டில் கனத்த பிளக் பாயிண்ட் அங்கே ஒன்றுதான் உண்டு. நான் கணினியை அணைத்த பிறகுதான் அவள் துணி அயர்ன் பண்ணுவாள். இது பல வருஷ மரபு.

அந்தக் கணினியில்தான் அதிசயத்தைக் கண்டேன். கேட்டவருக்குக் கேட்ட இணையப் பக்கத்தை எடுத்துக் கொடுக்கிற ஒரு வெப் சர்வர். அதன் நிரல் முழுக்கத் திறந்து கிடக்கிறது. யாரும் எடுக்கலாம், படிக்கலாம், பிழை கண்டால் திருத்தலாம். முதலாளி இல்லை. மேஸ்திரி இல்லை. சங்கு ஊதுவதில்லை. முப்பத்தெட்டு வருஷம் நான் கேட்டது இதைத்தான். என்னைக் கேட்காமலே கொண்டுவந்துவிட்டார்கள், அது ஒன்றுதான் வருத்தம்.

நானும் நிரல் எழுதக் கற்றேன். அதே சர்வரை என் கணினியில் ஓட்டி, துண்டறிக்கைகளை ஏற்றினேன். ஒரு நாளைக்கு ஏழு பேர் வருவார்கள். அதில் நாலு பேர் நான். வருகிறவர் இல்லாத பக்கம் எதையாவது கேட்டால், இல்லை என்று கைவிரிப்பது எனக்குப் பிடிக்காது. அந்த இடத்தில் 'எட்டு மணி நேரமா? எழுந்திரு!' என்ற என் புகழ்பெற்ற துண்டறிக்கை வரும்படி வைத்திருந்தேன். கேட்டதைக் கொடுக்க முடியாவிட்டால் தேவையானதைக் கொடுக்க வேண்டும். இதை நீங்கள் நினைவில் வையுங்கள். நான் வைக்கவில்லை.

சர்வரைத் திருத்துகிறவர்கள் கூடுவது ஒரு மின்மடல் குழுவில். எல்லோருக்கும் புனைபெயர். நான் எரிமலை. திருத்தங்களைப் பார்த்து உள்ளே விடுகிறவர் பூட்டு. பெயருக்கு ஏற்ற ஆள்.

அப்போது குழுவில் பெரிய பேச்சாக இருந்தது ஒரு பிழை. என்னுடையது மாதிரிப் பெரிய கணினிகளில் சர்வர் குதிரையாக ஓடும். கைக்கு அடக்கமான சின்னக் கணினிகளில் மட்டும் ஒரு கோளாறு. பக்கம் கேட்டவர் பாதியில் முறித்துக்கொண்டு போய்விட்டால், அவர் இன்னும் பேசுகிறார் என்று அது காது கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும். அடுத்து வருகிற யாருக்கும் பதில் கிடைக்காது.

இருநூற்றுப் பன்னிரண்டு வரியில் நான் திருத்தம் எழுதி அனுப்பினேன். அதில் அறுபது வரி முன்னுரை. பூட்டு மூன்று வரியில் பதில் போட்டார். உழைக்கும் வர்க்கம் பற்றிய பகுதி சர்வருக்குத் தேவைப்படாது. ஒரு வகைக் கணினியில் எழுதிய திருத்தத்தை வேறு வகைக் கணினியில் வேறொருவர் ஓட்டிப் பார்த்து, 'சோதித்தவர்' என்று பெயர் தர வேண்டும், அது விதி. அடுத்த பதிப்பு ஞாயிற்றுக்கிழமை.

சின்னக் கணினிக்கு நான் எங்கே போவேன்? ஃபிரிட்ஜின் தலைக்குத்தான் போக வேண்டும். அங்கே சோப்பு டப்பா அளவில் ஒன்று உட்கார்ந்திருந்தது. என் மனைவியும் அவளோடு சேர்ந்த பதினோரு தையல்காரிகளும், துணி வெட்டும் அளவுப் படங்களை அதில் வைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். அதிலும் ஓடுவது அதே சர்வர்தான். அதற்கும் அதே வியாதிதான். ஒரு நாளைக்கு நாலு தரம் பிளக்கைப் பிடுங்கிச் செருகுவாள்.

சோப்பு டப்பாவில் என் திருத்தத்தை ஓட்டிப் பார்த்து ஒரு கையெழுத்துப் போடு என்று கேட்டேன். கோரிக்கைப் பட்டியலை நீட்டுகிற கை இத்தனை வருஷமும் என் கை. அன்று என்னிடம் நீட்டப்பட்டது. ஒரே கோரிக்கை. உள் அறை. துணி வெட்டும் மேஜை போட அவளுக்கு இடம் வேண்டும். இதுவரை சாப்பாட்டு மேஜையில்தான் வெட்டினாள். என் தட்டில் நூல் வராத நாள் இல்லை.

"வரலாற்றை வெளியில தூக்கி வைக்கச் சொல்றியா?"

"கரையான் பாதி வரலாற்றைப் படிச்சு முடிச்சாச்சுங்க. உங்களை முழுசாப் படிச்சது அது ஒண்ணுதான்."

பேச்சுவார்த்தை இரண்டு மணி நேரம் நடந்தது. எதிர் வீட்டுக் கடிகாரக்காரரை மத்தியஸ்தராக அழைத்தோம். ஒப்பந்தத்தை நான்தான் எழுதினேன். சனிக்கிழமை காலை சோதனை. திருத்தம் வேலை செய்தால் அவள் கையெழுத்துப் போடுவாள், உள் அறை ஆயுளுக்கும் என் துண்டறிக்கைகளுக்கு. வேலை செய்யாவிட்டால் அன்று மாலைக்குள் என் கையாலேயே கட்டுகளைக் காலி செய்து தர வேண்டும். 'சோதனை என்பது: சோப்பு டப்பாவின் முகவரியில் பக்கம் கேட்டு, இருபது முறை பாதியில் முறித்தாலும், இருபத்தோராவது முறை பக்கம் வர வேண்டும்.' இந்த வரியை எழுதும்போதே அதற்குள் ஓர் ஓட்டை விட்டேன். பக்கம் வர வேண்டும் என்றுதான் இருக்கிறது. எங்கிருந்து வர வேண்டும் என்று இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று விடுவது. தொழில் பழக்கம்.

அவள் படித்துப் பார்த்து ஒரே ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். 'சோதனை நேரத்தில் வீட்டு வேலை எதுவும் நிற்காது.' எவ்வளவு அற்பமான ஷரத்து. பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டேன். கடிகாரக்காரர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

திருத்தத்தை ஏற்ற வேண்டும் என்று சோப்பு டப்பாவின் கடவுச்சொல்லைக் கேட்டேன். மறுபேச்சில்லாமல் கொடுத்தாள். அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை அவள் துணிக்கடைக்குப் போன நேரத்தில் ஏற்றிப் பார்த்தேன். ஒருமுறை முறித்தேன். சர்வர் சிக்கிக்கொண்டது. முன்னுரையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். அப்போதும் சிக்கிக்கொண்டது. இருநூற்றுப் பன்னிரண்டு வரியும் விழலுக்கு இறைத்த நீர். அன்று எனக்கு ஒரே ஆறுதல், குழுவில் புதிதாகச் சேர்ந்த 'பொத்தான்' என்கிற ஆள். கேட்டுக்கொண்டே போகிற சர்வருக்கு, போதும் நிறுத்து என்று சொல்லுகிற குறி எது அண்ணே என்று பணிவாகக் கேட்டிருந்தான். இளைஞர்கள் என்னிடம் கேள்வி கேட்டு வெகுகாலம் ஆயிற்று. 'தம்பி, கேள்' என்று தொடங்கி நாலு பக்கம் எழுதினேன். எதிர்முனை போய்விட்டால் கழித்தல் ஒன்று என்ற எண் வரும், அதுதான் நிறுத்தற்குறி என்று மூன்றாம் பக்கத்தில் விஷயத்துக்கு வந்தேன்.

புதன்கிழமை துணிந்தேன். சோப்பு டப்பாவைத் தேடி வருகிறவர்களை அப்படியே என் கணினிக்குத் திருப்பிவிடும்படி ஒரே ஒரு வரி எழுதினேன். அவளுடைய அளவுப் படங்களையும் என் கணினியில் பிரதி எடுத்து வைத்தேன். வாசலில் நிற்பது சோப்பு டப்பா. உள்ளே வேலை செய்வது என் கணினி. வாழ்நாள் முழுக்கக் கருங்காலிகளை ஆலை வாசலில் மறித்தவன், சொந்த வீட்டில் ஒரு கருங்காலியை உள்ளே விட்டேன். மனசாட்சி கேட்டது. போராட்டத் தந்திரம் என்று பதில் சொன்னேன். முன்பெல்லாம் இந்தப் பதிலை மற்றவர்கள் சொன்னால் நான் ஒப்புக்கொண்டதில்லை.

வெள்ளிக்கிழமை அவளே என்னை முடிவெட்டும் கடைக்கு அனுப்பினாள். நாளைக்கு ஜெயிச்சால் போட்டோவுக்கு நிற்க வேண்டுமே என்றாள். எவ்வளவு கரிசனம் என்று நெகிழ்ந்துபோய்ப் போனேன். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று.

சனிக்கிழமை காலை கடிகாரக்காரர் வந்து உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில் கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். அவள் தன் போனில் பக்கத்தைத் திறந்தாள், பாதியில் முறித்தாள். மறுபடி திறந்தாள், முறித்தாள். கடிகாரக்காரர் விரல் விட்டு எண்ணினார். இருபதாவது முறை முறித்து இருபத்தோராவது முறை கேட்டாள். பளிச்சென்று பக்கம் வந்தது. சாட்சி போனை வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார்.

நான் எழுந்தேன். இப்படி ஒரு கூட்டம் எனக்கு வாய்த்து எத்தனை வருஷம். பெரிய கணினி, சின்னக் கணினி என்ற ஏற்றத்தாழ்வு இன்றோடு ஒழிந்தது என்று தொடங்கினேன். பூட்டுகள் உடையும் என்றேன். பேச்சு மூன்றாவது படியில் ஏறும்போது, அவள் ஒரு கையில் துணி மூட்டையும் மறு கையில் அயர்ன் பாக்ஸும் எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போனாள். கூடத்து மூலையில் குனிந்தாள். என் கணினியின் பிளக்கைப் பிடுங்கி அயர்ன் பாக்ஸைச் செருகினாள்.

"என்ன பண்றே?"

"வீட்டு வேலை. ஒப்பந்தத்துல இருக்கு, நீங்க பேசுங்க."

கடிகாரக்காரர் கையில் இருந்த போனைத் தட்டினார். மறுபடி தட்டினார். ஃபிரிட்ஜின் தலையைப் பார்த்தார்.

"சோப்பு டப்பாவுல விளக்கு எரியுது. பக்கம் மட்டும் வரல. இது எப்படிங்க?"

முள் நின்றால் அடுத்தது ஸ்பிரிங்கைப் பார்க்கிற தொழில் அவருக்கு. மெதுவாகத் திரும்பி என் கணினியைப் பார்த்தார். பிறகு என்னை. நான் தண்ணீர் குடித்தேன்.

"எப்போ தெரியும் உனக்கு?" என்றேன்.

"வியாழக்கிழமையே. புதுசா ஒரு காலர் படம் டப்பாவுல ஏத்தி வச்சிருந்தேன். நம்ம ஆள் ஒருத்தி அதைக் கேட்டா, 'எட்டு மணி நேரமா? எழுந்திரு!'னு வந்துச்சாம். அவ எழுந்திரிச்சு எனக்கு போன் போட்டுட்டா."

காலர் வந்தது நான் பிரதி எடுத்த மறுநாள். என் கணினியில் அது இல்லை. இல்லாததைக் கேட்டால் என்ன வரும் என்று உங்களுக்கு ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன்.

தோல்வியிலும் தலை நிமிர்ந்து நிற்பவன் நான். சரி, அறை உனக்கு, ஆனால் பிழை பிழையாகவே இருக்கிறது, உன் டப்பா நாளைக்கும் நாலு தரம் சிக்கும் என்றேன்.

"சிக்காது. சரி பண்ணி வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டேன்." ஒரு சட்டையைத் திருப்பிப் போட்டாள். "நிறுத்துற குறி கழித்தல் ஒண்ணுன்னு நீங்கதான் எழுதினீங்க, அண்ணே."

அண்ணே. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன்.

"பொத்தான் நீயா?"

"தம்பின்னு கூப்பிட்டு நாலு பக்கம் எழுதினீங்க. எனக்கு நீங்க அவ்வளவு நீளமா எழுதி முப்பது வருஷம் ஆச்சு." அயர்ன் பாக்ஸை நிமிர்த்தி வைத்தாள். "வர்ற எண்ணை வாங்கி வைக்கிற கட்டம் அந்த சர்வர் நிரல்ல ரொம்பச் சின்னது. உங்க கணினி அதுலயும் கழித்தலைப் புரிஞ்சுக்கும். என் டப்பா புரிஞ்சுக்காது, இருநூத்தி ஐம்பத்தஞ்சுன்னு படிச்சிட்டு, இன்னும் பேசுறாங்கன்னு உட்கார்ந்திருக்கும். தைக்க ஓரம் விடாம வெட்டின துணி மாதிரி. கட்டத்தைக் கொஞ்சம் அகலமாக்கினேன். ஒரு வார்த்தைதான் மாத்தினது."

ஒரு வார்த்தை. நான் இருநூற்றுப் பன்னிரண்டு வரி.

ஆனால் எனக்கும் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. விதி எல்லோருக்கும் விதி. சின்னக் கணினியில் எழுதிய திருத்தத்தைப் பெரிய கணினியில் வேறொருவர் சோதிக்க வேண்டும். வீட்டில் பெரிய கணினி யாருடையது? மார்பை நிமிர்த்தி, இனிமேல்தான் பேச்சுவார்த்தையே தொடங்குகிறது என்றேன்.

"அது முடிஞ்சிடுச்சே. நீங்க முடி வெட்டிக்கப் போனப்பவே உங்க கணினியில என் திருத்தத்தைப் போட்டுட்டேன். இன்னிக்கு இருபத்தோரு தரம் ஓடினது அதுதான். சோதிச்சவர் நீங்க. சாட்சி கடிகாரக்காரர்."

"என் கடவுச்சொல் உனக்கு எப்படித் தெரியும்?"

"புரட்சி. முப்பத்தெட்டு வருஷமா அலமாரிக்கும் அதானேங்க, சைக்கிள் பூட்டுக்கும் அதானே."

கடிகாரக்காரர் சிரித்த சிரிப்பில் பூதக்கண்ணாடி கழன்று அவர் மடியில் விழுந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனையோ முதலாளிகளோடு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். இவ்வளவு சுத்தமாக என்னை எவனும் வெட்டித் தைத்ததில்லை.

மாலைக்குள் கட்டுகளை இறக்கினேன். தூக்கிப் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. துண்டறிக்கையின் பின்பக்கம் வெள்ளை. நாலைந்தை ஒட்டினால் அளவுப் படம் வரையத் தோதான தாள். பதினோரு தையல்காரிகளும் ஆளுக்கு ஒரு கட்டு கேட்டு வாங்கிப்போனார்கள். நான் ஆலை வாசலில் நீட்டியபோது விலகிப் போன என் எழுத்து, இப்போது வீடு வீடாகப் போகிறது. பின்பக்கத்தில் சட்டைக் கை. தையல்காரிகளில் ஒருத்தி இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரு தையல்கூடப் போட மாட்டேன் என்று தன் கடைக்காரரிடம் சொல்லிவிட்டாளாம். கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. நூல் தூசி என்று சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை புதிய பதிப்பு வெளிவந்தது. போட்ட தீர்மானம் போட்ட தீர்மானம்தான். நான் இல்லாமல் அது வெளிவரவில்லை. நன்றிப் பட்டியலைத் திறந்து விரலால் ஒவ்வொரு வரியாகத் தேடினேன். இருந்தது.

'திருத்தியவர்: பொத்தான். சோதித்தவர்: பொத்தான் வீட்டுக்காரர்.'