அப்துல் கபூரின் ஜனாஸா அறிவித்தல்

அப்துல் கபூர் மௌத்தான செய்தியைக் கல்முனைப் பள்ளிவாசல்களின் ஒலிபெருக்கிகள் மூன்றாவது தடவையாகச் சொன்னபோது நஸீமின் முகம் வெளுத்துப்போனது.

கொழும்பில் கம்பியூட்டர் வேலை போய் ஊர் திரும்பியவன் அவன். யாராவது இறந்தால் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரே நேரத்தில் ஜனாஸா அறிவித்தல் போகும்படி கிளவுட்டில் ஒரு ஏற்பாடு செய்திருந்தான். இன்று பரீட்சார்த்தம். சரிவந்தால் பள்ளிவாசல்கள் சம்மேளனத்தில் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் அவனுக்கு வேறு போக்கிடமில்லை.

"என்னடா மனே, ஒரு மனிசன் எத்தின தரம் மௌத்தாகிற?" என்று சீறினார் சம்மேளனச் செயலாளர் அப்துல் ஸமட்.

"மழைக்கு லைன் இழுபடுது ஹாஜியார். சொல்லிட்டன் எண்டு பள்ளிகள்ள இருந்து பதில் வரல்ல. பதில் வராட்டித் திரும்ப அனுப்பும். உலகம் முழுக்க அப்பிடித்தான் செய்யிற."

"உலகம் முழுக்க எப்பிடியும் இருக்கட்டும். கபூர் ஒருக்காத்தான் மௌத்து!"

நஸீம் அவசரமாக வேலையை மாற்றுச் சேர்வருக்குத் திருப்பினான். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும் என்று அவன் பெருமையடித்த சேர்வர் அது. அதற்கு முன்கதை ஒன்றும் தெரியாது. பாவம், முதலிலிருந்து தொடங்கி அயலூரான நிந்தவூர் வரைக்கும் சேர்த்துச் சொன்னது.

"ஐயோ, நிப்பாட்டுடா!"

வேறு வழி தெரியாமல் ரத்து செய்யும் பொத்தானை அழுத்தினான். அந்தச் செய்தி மட்டும் ஒரு பள்ளி தவறாமல் உடனே போய்ச் சேர்ந்தது.

"அப்துல் கபூர் அவர்களின் ஜனாஸா அறிவித்தல் வாபஸ் பெறப்படுகிறது."

மௌத்தானவர் எழும்பிவிட்டாராம் என்று ஊரே கிளம்பியது. ஓட்டோவிலும் சைக்கிளிலும், கொட்டும் மழையில் குடை பிடித்துக்கொண்டும் சனம் கபூரின் வீட்டுக்கு ஓடியது.

மன்னிப்புக் கேட்க இருவரும் அங்கே போனபோது வளவில் கால்வைக்க இடமில்லை. கிடத்தியிருந்த மையித்தைக் கண்ணால் பார்த்த பிறகும் ஒருவரும் திரும்பிப் போகவில்லை. வந்தது வந்தோம், தொழுதுவிட்டே போவோம் என்று நின்றுவிட்டார்கள். ஒரு வீட்டின் துக்கத்தைக் கூத்தாக்கிவிட்டோமே என்று நஸீமுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"பின்னேரமே பள்ளிகள்ள பூட்டின உன்ட பெட்டியெல்லாம் கழட்டுவன். இனி சம்மேளனத்துப் பக்கம் வந்திராத," என்றார் ஸமட்.

கபூரின் மகள் றுஸ்தா கதவோரம் வந்து நின்றாள். அழுது அழுது கண்கள் வீங்கியிருந்தன.

"மன்னிச்சிருங்க ராத்தா, எல்லாம் என்ட பிழை," என்றான் நஸீம் தலைகுனிந்து.

"வாப்பா ஊரோட கோவிச்ச மனிசன் தம்பி, முதல் தரம் சொல்லக்குள்ள ஒருத்தரும் வரல்ல, மையித்து வைக்கிற சந்தூக்குத் தூக்கக்கூட ஆள் காணாம இருந்தம்."