தாய்மொழிக்கு ஒரு சான்றிதழ்

“உங்க பாஷை உங்களுக்குத் தெரியும்கறதுக்குச் சான்றிதழ் இருக்காம்மா?”

கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அபத்தம் என்று அதிகாரிக்கே உறைத்தது. எதிரே உட்கார்ந்திருந்த தையற்கார அம்மா பூர்வகுடிப் பெண். பிறந்ததிலிருந்து அவள் பேசுகிற பாஷை அது.

“எங்கம்மா சொல்லித் தந்தப்போ எழுதிக் குடுக்கலையே சார்” என்றாள்.

பூர்வகுடி வேலைவாய்ப்பு மையத்துக்கு அதிகாரி வந்து மூன்று வருஷம் ஆகிறது. மெழுகுவத்திப் பயிற்சி, காளான் பயிற்சி, கைகுலுக்கும் பயிற்சி என்று நாற்பத்தொரு பயிற்சி கொடுத்தாயிற்று. வேலை மட்டும் ஒருத்தருக்கும் கொடுத்தபாடில்லை. இன்று சாயங்காலத்துக்குள் ஒருவரையாவது வேலையில் உட்காரவைக்காவிட்டால் அவர் வேலைக்கே வேட்டு. காலியாக இருந்ததோ மொழிபெயர்ப்பாளர் நாற்காலி ஒன்றுதான். அதற்குச் சான்றிதழ் கட்டாயம்!

மேலிடத்துக்குப் போன் போட்டார்.

“தேர்வு வெச்சுச் சான்றிதழ் குடுய்யா” என்றார் மேலதிகாரி.

“தேர்வு வைக்க பாஷை தெரிஞ்ச ஆள் வேணுமே ஐயா?”

“தெரிஞ்ச ஆளைத் தேர்வாளரா போடு. இதைக்கூடவா நான் சொல்லணும்?”

அதிகாரி சுறுசுறுப்பானார். தையற்கார அம்மாவையே தேர்வாளராக நியமித்து, டைப்பிஸ்ட் பெண்ணிடம் உத்தரவை அடிக்கச் சொல்லி மேலிடத்துக்கு அனுப்பிவைத்தார். உடனே போன் அலறியது.

“தேர்வு வைக்கிறவங்களே தேர்வு எழுதுவாங்களாய்யா? ஒருநாள் தேர்வாளர் வேலை கணக்குலயும் வராது! உத்தரவு போட்டாச்சு, யாராவது எழுதி மார்க் வந்தாகணும்!”

அதிகாரி போனை வைத்தார். அப்போதுதான் அந்த அபாரமான யோசனை உதித்தது. தானே தேர்வு எழுதித் தேறிவிட்டால் தானே தேர்வாளர். பிறகு இந்த அம்மாவுக்குத் தேர்வு வைப்பது தன் கையில்தானே!

இடம் மாறி உட்கார்ந்தார்கள். அந்த அம்மா தன் பாஷையில் ஏதோ கேட்டாள். அதிகாரி பவ்யமாகத் தலையாட்டினார். மறுபடி கேட்டாள். இன்னும் பலமாக ஆட்டினார்.

“பேர் என்னன்னு கேட்டேன் சார்.”

“கொஞ்சம் பார்த்துப் போடுங்கம்மா. உங்க வேலையும் இதுலதானே இருக்கு!”

“அதெப்படி சார்? ‘பணியில் நேர்மை’ன்னு நாலு நாள் எங்களுக்கு வகுப்பெடுத்ததே நீங்கதானே?”

அழகாக ஒரு முட்டையைப் போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டாள்.

மார்க் மேலே போன பத்தாவது நிமிஷம் பதில் வந்தது. டைப்பிஸ்ட் படித்தாள்: “‘மக்களின் மொழி அறியாத அதிகாரி இன்றோடு பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.’”

அதிகாரி நாற்காலியில் பொத்தென்று சாய்ந்தார். “அடப்பாவிகளா! என் இடத்துல உட்கார அந்தப் பாஷை தெரிஞ்ச ஆளுக்கு இவங்க எங்கே போவாங்க?”

“பொறுப்பை இன்னைக்கே என்கிட்ட ஒப்படைக்கணுமாம் சார்” என்று டைப்பிஸ்ட் கையை நீட்டினாள். “சாவியைக் குடுங்க, எங்க வீட்டுல பேசறதே அந்தப் பாஷைதான்.”