ஹெல்மெட் வீட்டுக் கோப்பைகள்

"அப்பா, நீங்க வர வேண்டாம்ப்பா" என்று பாப்பா மூன்றாவது தடவையாகச் சொன்னபோது, ஹெல்மெட் தன் ஷூ கயிற்றில் மூன்றாவது முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார்.

ஹெல்மெட் என்பது பிஸ்கட் ஃபேக்டரித் தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர். அங்கே அவர்தான் சேஃப்டி ஆபீஸர். தரையில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் கிடந்தால் போதும், கழுத்தில் தொங்கும் விசிலை எடுத்து ஊதிவிடுவார். விசில் கேட்டால் யாராக இருந்தாலும் நின்ற இடத்தில் அப்படியே நின்றாக வேண்டும். முதலாளியே ஒருமுறை பாதி கடித்த பிஸ்கட்டை வாயில் வைத்தபடி நின்றிருக்கிறார்.

வீட்டிலும் அதே சட்டம்தான். மேஜை மூலைகளுக்கெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டியிருக்கும். மாடிப்படியில் பாப்பா வேகமாக இறங்கினால் விசில். உடனே பாப்பா சிலை. தவழ்கிற வயசிலிருந்து பழக்கம். இப்போது அவளுக்குப் பத்து வயசு.

குழந்தை விழுந்துவிடக் கூடாது என்பது ஒரு பயம் என்றால், தோற்றுவிடக் கூடாது என்பது அதைவிடப் பெரிய பயம். கேரம் விளையாடும்போது சிவப்புக் காயைக் குழி வாசல்வரை கொண்டுபோய், "அடடா, தவறிப்போச்சே!" என்று பாப்பாவுக்கு விட்டுக்கொடுத்துவிடுவார். அதன் பலனோ என்னவோ, ஹாலில் இருந்த கண்ணாடி அலமாரியில் ஆறு கப் வரிசையாக மின்னிக்கொண்டிருந்தன. எல்லாம் ஓட்டப்பந்தயத்துக்கு. எல்லாவற்றிலும் 'முதல் பரிசு' என்று பொறித்திருந்தது.

ஒவ்வொரு ஸ்போர்ட்ஸ் டேக்கும் அம்மாதான் போவாள். ஹெல்மெட் ஃபேக்டரியில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சாயந்திரம் கப் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் அவருக்குத் தொண்டையில் தண்ணீர் இறங்கும். இந்தத் தடவை அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. டியூட்டி மாற்றிக்கொள்ள ஆளில்லை. ஹெல்மெட் லீவு போட்டுவிட்டார்.

"வெயில் ஜாஸ்திப்பா."

"தொப்பி எடுத்துக்கறேன்."

"கூட்டமா இருக்கும்."

"ஓரமா நிக்கறேன்."

"மாத்திரை போட்டீங்களா?"

"ஓடப்போறது நீ. எனக்கு எதுக்கு மாத்திரை?"

பாப்பா தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பையில் வைத்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. ஹெல்மெட் அதைப் பார்த்துவிட்டார். குழந்தை பயப்படுகிறாள். இன்றைக்குத் தோற்றுவிடுவோம் என்று அவள் மனசுக்கே தெரிந்துவிட்டது!

வழியில் மனைவி போன் பண்ணினாள். "என்னங்க, நிஜமாவே போறீங்களா? வேண்டாங்க. சொன்னா கேளுங்க."

"அவ தோத்துட்டா பக்கத்துல ஆள் வேண்டாமா? தாங்குவாளா குழந்தை?"

"அவ தாங்குவா. அவளைப் பத்தி யாரு கவலைப்பட்டா?"

அதற்குள் அங்கே யாரோ நோயாளி மணியடிக்க, போன் கட்டாகிவிட்டது. பெற்ற தாய்க்கு இவ்வளவு கல்மனசா என்று ஹெல்மெட் நொந்துபோனார்.

மைதானத்தில் காலெடுத்து வைத்ததும் அவர் பயம் ஆள் உருவில் எதிரே வந்தது. பாப்பா வகுப்புப் பெண்தான். ஆனால் இடுப்புவரைக்கும் கால், அதற்கு மேலேயும் கொஞ்சம் கால். அவளுக்கு அவராகவே 'நெட்டைக்காலி' என்று பெயர் வைத்துவிட்டார். அவள் குதித்துக் குதித்துப் பழகுவதைப் பார்க்கப் பார்க்க அவர் நகத்தைக் கடிக்க ஆரம்பித்தார்.

நெட்டைக்காலி நேரே அவரிடம் வந்தாள். "அங்கிள், நீங்கதானே இவ அப்பா? உடம்பு இப்போ தேவலையா?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றார் ஹெல்மெட். பாப்பா அவளை அவசரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

இனி சும்மா இருந்தால் சரிப்படாது. ஹெல்மெட் பி.டி. மாஸ்டரைத் தேடிப் பிடித்தார்.

"மாஸ்டர், ஓடற எல்லாருக்கும் முதல் பரிசுன்னு அறிவிச்சுட்டா என்ன?"

"அப்புறம் ஹெட்மிஸ்ட்ரஸ் எனக்குக் குடுப்பாங்க சார் பரிசு."

"பிஞ்சு மனசு மாஸ்டர். உடைஞ்சுபோயிடும்."

"பசங்க விழுந்தா மண்ணைத் தட்டிவிட்டுட்டு எழுந்து ஓடுவாங்க சார். தோத்துப் பழகட்டும், விடுங்க. பெரியவங்களுக்குத்தான் அது கஷ்டம்." மாஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க நிழல்ல உக்காருங்க. ஏய், சாருக்கு ஒரு நாற்காலி போடுங்கப்பா!"

நாற்காலியில் உட்கார ஹெல்மெட்டுக்கு எங்கே மனசு வரும்? பாப்பாவின் ஓடுபாதையை ஆராய்ந்தார். கோழி முட்டை அளவுக்கு ஒரு குழி இருந்தது. தீயணைக்க வைத்திருந்த மணல் வாளியைத் தூக்கிவந்து கவிழ்த்தார். வாளி கனம் தாங்காமல் கை நழுவ, மொத்த மணலும் பாதையில் குன்றாகக் குவிந்தது.

"என்ன சார் இது, ஒட்டகமா ஓடப்போகுது?" என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். பாப்பாவைக் கடைசிப் பாதைக்கு மாற்றினார். அது நெட்டைக்காலியின் பக்கத்துப் பாதை.

அடுத்து அவர் செய்த காரியம் அவருக்கே பிடிக்கவில்லை. நெட்டைக்காலியின் முன்னால் உட்கார்ந்து, "ஷூ கயிறு தளர்ந்திருக்கும்மா, தடுக்கிடும்" என்று சொல்லி, இறுக்கி மூன்று முடிச்சுப் போட்டார். பாதுகாப்புக்குத்தானே என்று மனசாட்சியிடம் சொன்னார். அது நம்பவில்லை.

"ஐயோ, கால் வலிக்குது அங்கிள்!" நெட்டைக்காலி ஷூக்களை உருவி வீசினாள். "நல்லவேளை! வெறுங்கால்ல நான் இன்னும் வேகமா ஓடுவேன். தேங்க்ஸ் அங்கிள்!"

துப்பாக்கி 'டப்'பென்றது.

ஹெல்மெட் ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணால் பார்த்தார். பாப்பா ஐந்தாவதாக ஓடினாள். நாலாவது. மூன்றாவது! அப்பா பார்க்கிறார் என்ற வேகமோ என்னவோ, இரண்டாவதாகவே வந்துவிட்டாள். முன்னால் நெட்டைக்காலி மட்டும்தான். இடைவெளி குறைந்தது. ஒரு கை தூரம். மாஸ்டரே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

அப்போது பாப்பாவின் கால் லேசாகத் தடுமாறியது. லேசாகத்தான்.

ஹெல்மெட்டின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. அத்தனை வருஷப் பழக்கம். விசில் மைதானம் அதிர ஒலித்தது.

மற்ற பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். பாப்பா மட்டும் ஒரு காலைத் தூக்கியபடி, இரண்டு கையையும் விரித்தபடி அப்படியே சிலையாக நின்றாள். ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். கடைசியாக ஓடியவள் போகிற போக்கில் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"ஓடும்மா! ஓடு!" என்று ஹெல்மெட் அலறினார். பாப்பா ஓடினாள். கடைசியாக வந்தாள்.

ஹெல்மெட் தொப்பென்று உட்கார்ந்தார். இப்போதுதான் அந்த நாற்காலி உதவியது. பாப்பா எல்லைக்கோட்டில் நிற்காமல் நேராக அவரிடமே ஓடிவந்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள். முதுகில் குத்தியிருந்த நம்பர் அட்டையைக் கழற்றி விசிறினாள்.

"மூச்சை நல்லா இழுத்து விடுங்கப்பா. ஒண்ணுமில்ல. தோத்தா ஒண்ணும் ஆகாதுப்பா."

"நான்தாம்மா உன்னைத் தோக்கடிச்சுட்டேன்!" ஹெல்மெட் குலுங்கிக் குலுங்கி அழுதார். பக்கத்து நாற்காலிப் பெற்றோர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள். "நீ… நீ அழலையா?"

"எதுக்குப்பா? அடுத்த தடவை பார்த்துக்கலாம். நெஞ்சு வலிக்குதா?"

"இல்லம்மா."

"மயக்கமா வருதா?"

"இல்ல."

"நிஜமா?" பாப்பா அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு முகத்தில் ரத்தம் திரும்பியது.

ஹெல்மெட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அட, உலகம் ஒன்றும் இடிந்து விழவில்லையே! குழந்தை இருக்கிறாள், நாமும் இருக்கிறோம். வாழ்க்கையில் முதல் தோல்வி, அதை எப்படித் தாங்குகிறாள் பார்! இதற்காகவா இத்தனை வருஷம் நகத்தைக் கடித்தோம் என்று அவருக்குச் சிரிப்பு வந்தது. கழுத்திலிருந்து விசிலைக் கழற்றிப் பையில் போட்டார்.

"நீ தைரியசாலிடா கண்ணு. அப்பாவும் தாங்கிட்டேன், பார்த்தியா?"

அப்போது நெட்டைக்காலி புதுக் கப்போடு வந்தாள். எப்போதும் போல அதைப் பாப்பாவிடம் நீட்டினாள். அப்பாவுக்குப் பின்னால் நின்றிருந்த பாப்பா, வேண்டாம் வேண்டாம் என்று பதறிப்போய்த் தலையை ஆட்டினாள். நெட்டைக்காலி புரியாமல் அவளைப் பார்த்தாள், ஹெல்மெட்டைப் பார்த்தாள், பிறகு முகம் மலர்ந்தாள்.

"தாங்கிட்டீங்களா அங்கிள்? அப்பாடா! 'எங்கப்பா தாங்கமாட்டாரு, ஒரு நாள் மட்டும் குடு'ன்னு ஒவ்வொரு தடவையும் இவ வாங்கிட்டுப் போன என்னோட ஆறு கப்பையும் நாளைக்கே குடுத்தனுப்பிடுங்க!"