பிரேக் போட்ட மாப்பிள்ளை

மெஷின் தெரிந்தவன் என்று பெயரெடுத்தவனுக்கு ஒரு சாபம் உண்டு. பெயரைக் காப்பாற்ற வேண்டிய நாளில்தான் மெஷின் காலை வாரும். எனக்கு அது நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள், பெண் வீட்டு வாசலிலேயே, பெண்ணும் பெண்ணின் தாய்மாமனும் பார்த்துக்கொண்டிருக்க வாரியது. (சும்மா வாரவில்லை, ஒரு சட்டையையும் சேர்த்து வாரியது. சட்டைக் கதைக்குக் கொஞ்சம் பொறுங்கள்.)

எண்பதுகளின் தொடக்கம். நான் நெய்வேலி சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பகுதியில் ஃபிட்டர். பர்மனெண்ட் ஆன புதிது. நான் ஒரு நாள் லீவு போட்டால் தமிழ்நாடே இருட்டாகிவிடும் என்பது போல டவுன்ஷிப்பில் நடமாடுவேன். என் பகுதியிலேயே மூத்தவரான கலியபெருமாள், தன் மகள் செல்வியை எனக்குக் கொடுக்கச் சம்மதித்திருந்தார். சம்மதிக்காதவர் ஒருவர்தான், செல்வியின் தாய்மாமன் தட்சிணாமூர்த்தி. சேத்தியாத்தோப்பில் நிலபுலன் உள்ளவர். மாசச் சம்பளக்காரனுக்கு ஒரு வேலையும் தெரியாது என்பது அவர் கட்சி. தாய்மாமன் தலையசைக்காமல் தட்டு மாற்ற முடியுமா? விடிந்தால் நிச்சயம், அவர் தலையோ இன்னும் அசையவில்லை.

இந்த லட்சணத்தில், அடித்த காற்றில் கலியபெருமாளின் குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற வாதாமரம் சாய்ந்து, பந்தல் போடும் இடத்தில் நீட்டிப் படுத்துவிட்டது. ஆள் கூப்பிடலாம் என்றார் அவர். என் வாய் சும்மா இருக்குமா? "எதுக்குங்க ஆளு? என்கிட்ட மெஷின் இருக்கு, ஒரு நிமிஷ வேலை" என்று சொல்லிவிட்டேன். தட்சிணாமூர்த்தி மாமா என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஆஹா, தலையை அசைக்க வைக்கச் சரியான சந்தர்ப்பம் என்று எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

மெஷின் என்றது ஒரு பழைய செயின் ரம்பம். பண்ருட்டியில் காசிம் பாய் கடையில் ஆசைப்பட்டு வாங்கியது. (உனக்கெதற்கு மரம் அறுக்கும் மெஷின் என்று கேட்காதீர்கள். அதில் மோட்டார் இருந்தது, போதாதா?) பிரேக் மட்டும் தகராறு, போட்டாலும் நிற்காது என்று பாய் நேர்மையாகச் சொல்லித்தான் கொடுத்தார். கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும். அதை முன்பக்கம் தள்ளினால், உள்ளே ஒரு இரும்புப் பட்டை இறுகிச் செயினை நிறுத்த வேண்டும். நம் பக்கம் இழுத்தால் விட்டுவிட வேண்டும். அவ்வளவுதான் பிரேக்.

வீட்டுக்கு ஓடிவந்து மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பட்டை முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு, ஸ்பிரிங் தொளதொள. பெட்ரோல் விட்டுக் கழுவினேன், உப்புத்தாளால் தேய்த்தேன், வேறு ஸ்பிரிங் மாட்டினேன். தடுப்பை முன்னால் தள்ளிவிட்டு முடுக்கினால், மெஷின் அலறுகிறது, செயின் இம்மி அசையவில்லை! பிரேக் பிடித்துவிட்டது! நான் குதித்த குதியில், பாம்புதான் வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரர் தடியோடு ஓடிவந்தார். அவரையும் கட்டிப்பிடித்துவிட்டு, ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் பறந்தேன்.

ஜன்னலில் செல்வி. அதுவரை நானும் அவளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. கயிற்றை இழுத்தேன், மெஷின் உறுமியது, மரத்தில் வைத்து அழுத்தினேன். சத்தம் பக்கத்து பிளாக் வரை கேட்டது. புகை வந்தது. தீய்ந்த வாசனை வந்தது. மரத்தில் ஒரு கீறல் விழவில்லை.

ஷிப்ட் முடிந்து வந்துகொண்டிருந்த எங்கள் பகுதி ஆட்கள் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சூழ்ந்துகொண்டார்கள். இங்கே எங்கள் தொழில் விதி ஒன்றைச் சொல்ல வேண்டும். எந்த மெஷினில் கை வைப்பதற்கும் முன்னால் பிரேக்கைப் போட வேண்டும். வேலை முடிந்து நாங்கள் இறங்கிய பிறகு, மேலே கேபினில் இருக்கும் ஆபரேட்டர்தான் அதை எடுப்பார். அதாவது சர்வீசில் சேர்ந்த நாளிலிருந்து நாங்கள் பிரேக் போட்டிருக்கிறோமே தவிர, எங்களில் ஒருத்தனும் எடுத்ததில்லை.

என் சிநேகிதன் ராஜமாணிக்கம் முதலில் குனிந்தான். "பிரேக் போட்டாச்சா?" என்றான். போட்டாச்சு என்றேன். திருப்தியாகி, செயின் இறுக்கம் என்றான். தளர்த்தினோம். இன்னொருத்தர் வந்தார், பிரேக் போட்டாச்சா என்று கேட்டார், பெட்ரோலில் தண்ணீர் என்றார். மாற்றினோம். கடைசியில் கலியபெருமாளே வந்து தடுப்பைத் தொட்டுப் பார்த்தார்.

"பிரேக் போட்டிருக்கீங்களா மாப்ள?"

"போட்டிருக்கேங்க."

"அதான் முக்கியம்."

மகளைச் சரியான கையில்தான் கொடுக்கிறோம் என்ற நிம்மதி அவர் முகத்தில் தெரிந்தது.

தட்சிணாமூர்த்தி மாமாவுக்குப் பொறுக்கவில்லை. சட்டையைக் கழற்றி ஒரு கிளையில் மாட்டினார், கோடாலியை எடுத்தார். "மெஷினு கத்திகினே இருக்குது, மரம் படுத்துகினே இருக்குது. நீங்க பேசிகினு இருங்க தம்பி, நா அந்தாண்டேந்து வரேன்" என்று வெட்ட ஆரம்பித்தார். அவர் கோடாலி விழ விழ, என் கல்யாணமும் துண்டு துண்டாக விழுவது போல இருந்தது.

அப்போதுதான் ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"யப்பா, பிரேக்க போட்டுகினே இருந்தா அது எப்படிப்பா ஓடும்?"

ராஜமாணிக்கம் ஆகாயத்தைப் பார்த்தான். கலியபெருமாள் மீசையைத் தடவினார். நான் தடுப்பை என் பக்கம் இழுத்தேன். டக் என்றது. முடுக்கினேன். ஐயோ, செயின் சுற்றிய சுற்று! எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமாவோ அதற்குள் மரத்தையே முடித்திருந்தார். மிச்சம் நின்றது ஒரே கிளை. விடுவேனா? பாய்ந்து அறுத்தேன். இலை பறந்தது, சுள்ளி பறந்தது, கூடவே ஒரு வெள்ளைக் கையும் பறந்தது. சட்டைக் கை.

மாமா ஒற்றைக் கைச் சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். நான் மரியாதையாகப் பிரேக்கைப் போட்டேன்.

"பிரேக்கப் பத்திக் கேட்டது யாரு?" என்றார்.

செல்விதான் என்றார் கலியபெருமாள்.

"அப்ப பண்ணிடலாம். ஒரு வூட்டுக்கு ஒரு மூள போதும்" என்று மாமா தலையை அசைத்தார்.

மாற்றுச் சட்டை அவர் கொண்டுவரவில்லை. அதனால் நிச்சயதார்த்த போட்டோவில் பளபளவென்று என் பட்டுச் சட்டையில் மாமா நிற்பார். பக்கத்தில் காக்கியில் வாட்ச்மேன் போல நிற்பது நான்தான். நான் எதற்காவது துள்ளினால் "பிரேக் எடுத்தாச்சா?" என்று என் பிள்ளைகள் இன்றைக்கும் கேட்கிறார்கள். ஆனால் அதைத் தொடங்கி வைத்தது செல்வி. முகூர்த்தத்தில் தாலியைக் கையில் வாங்கியதும் எனக்குக் கை மரத்து அப்படியே நின்றுவிட்டது. மேளக்காரர் அடித்துக்கொண்டே இருக்கிறார், நான் அசையவில்லை. குனிந்த தலை நிமிராமல் அவள் மெல்லச் சொன்னாள்:

"பிரேக்க எடுங்க."

எடுத்தேன், கட்டினேன். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது என்றுதான் நினைத்தேன். பின்னால் நின்றிருந்த மாமா, அதுவரை திருப்பித் தராத என் பட்டுச் சட்டை குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.