ஒரே குண்டான், இரண்டு விருந்தாளி

இனி ஒரே வேளைக்கு இரண்டு குழம்புக் குண்டான் தேய்ப்பதில்லை என்று உறுதியான முடிவு எடுத்தேன்.

எங்கள் வீட்டுச் சட்டம் எளிமையானது. சமைப்பது மனைவி, பாத்திரம் தேய்ப்பது நான். அவள் தாளித்தால் எனக்குத் தோள் வலிக்கும். இந்த நிலையில் ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு இரண்டு விருந்தாளிகள். ஒருவர் என் மேனேஜர். கறி, முட்டை மட்டுமல்ல, பால், தயிர், தேன்கூடத் தொட மாட்டார். வீகனாம். கோழியையும் மாட்டையும் தேனீயையும் அவர் தொந்தரவு செய்வதே இல்லை. அதற்கெல்லாம் சேர்த்து ஆபீஸில் என்னைத் தொந்தரவு செய்கிறார்.

இன்னொருவன் மனைவியின் தம்பி. கறி இல்லாத சாப்பாட்டை அவன் சாப்பாடு என்றே ஒப்புக்கொள்ள மாட்டான்.

"ரெண்டு குழம்பு வைக்கணும்ங்க," என்றாள் மனைவி.

"ஒண்ணு போதும். நானே சமைக்கிறேன். காளான்."

"என் தம்பிக்கு?"

"அவனுக்கும் காளான்தான். மட்டன்னு சொல்லிப் போடுவேன். மசாலாவை அள்ளிக் கொட்டினா செருப்புகூட மட்டன்தான்."

"விஷயம் வெளிய வந்துட்டா?"

"வராது! பந்தயம். ரெண்டு பேரும் சத்தமில்லாம சாப்பிட்டுப் போயிட்டா, இனிமே பாத்திரம் உன் பொறுப்பு."

"வந்துட்டா?"

"சமையல் என் பொறுப்பு."

"சரிங்க."

என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக்கூட அவள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிறு வந்தது. தேங்காய்ப்பால் ஊற்றி, மிளகைக் கொட்டி, ஒரே குண்டானில் வைத்தேன். சமையலறையிலேயே இரண்டு கிண்ணங்களில் ஊற்றிக் கொண்டுபோனேன்.

"நீலக் கிண்ணம் சாருக்கு, காளான். வெள்ளைக் கிண்ணம் மச்சானுக்கு, மட்டன்."

இருவரும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் மனைவி குண்டானையே தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சூடா இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க சார்."

மேனேஜர் தட்டில் ஒரு கரண்டி. அதே குண்டான், அதே கரண்டி, அடுத்தது மச்சான் தட்டில்.

"மாமா, மட்டன் பஞ்சா வெந்திருக்கு! எந்தக் கடை?" என்று கத்தினான் மச்சான்.

மேனேஜரின் கை அந்தரத்தில் நின்றது. "மட்டனா? எனக்கும் இதுலேர்ந்துதானே போட்டாங்க?"

"பயப்படாதீங்க சார், எலும்பே இல்ல," என்றான் மச்சான்.

மேனேஜர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். முகம் வெளிறிவிட்டது. "நாளைக்குக் காலையில என் ரூமுக்கு வாங்க."

பந்தயம் போனால் கையில் கரண்டி. வேலை போனால் கரண்டியில் அள்ள ஒன்றும் இருக்காது.

"சார்! சத்தியமா அத்தனையும் காளான் சார்!"

அவர் நம்பவில்லை. மச்சான் வாய்க்குக் கொண்டுபோன துண்டைப் பிடுங்கி, டம்ளர் தண்ணீரில் அலசி, காம்பைக் காட்டினேன். மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். "அப்போ இன்னும் ரெண்டு கரண்டி போடுங்க."

வேலை தப்பியது. பயந்துகொண்டே மச்சான் பக்கம் திரும்பினேன். அவன் நிம்மதியாக மென்றுகொண்டிருந்தான்.

"உனக்குக் கோபமே வரலையா மச்சான்?"

"எதுக்கு மாமா? நான் வீட்லயே கறி சாப்பிட்டுத்தான் வந்தேன். அக்கா காலையிலேயே போன் பண்ணிட்டாளே, 'மாமா காளான் போடுவார், நான் குண்டானைத் தூக்கிட்டு வந்ததும் மட்டன் பிரமாதம்னு கத்து'ன்னு."

மனைவி அடக்கமாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விருந்தாளிகள் போனதும் கெஞ்சிப் பார்த்தேன். "சமையலும் நானே பண்ணணும்னா, பாத்திரத்தையாவது நீ..."

"நான் சமைச்ச பாத்திரத்தையே மூஞ்சி சுளிக்காம தேய்ச்சவர் நீங்க," என்றாள் அவள். "நீங்களே சமைச்ச பாத்திரத்தை இன்னொருத்தர் தேய்க்க விடுவீங்களா என்ன?"