மாமன் மண்டபத்து மெயில்

அடுத்தவனைப் பாராட்டினால் எனக்கு வயிறு எரியும். அதிலும் பிரவீனைப் பாராட்டினால் அன்று முழுக்க மோர்தான் ஆகாரம்.

எருத்தேன்பதியில் என் மாமன் கல்யாண மண்டபம் வைத்திருக்கிறார். அவர் மகள் சுதா, பிரவீன், நான் மூவரும் ஒரே கம்பெனியில் புரோகிராமர்கள். (சுதா எனக்கு முறைப்பெண். அவளைக் கட்டப்போவது நான்தான் என்று முடிவு செய்திருந்தேன். அவளிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.) மண்டபத்துக்கு வெப்சைட் செய்தோம். புக் செய்தவர்களுக்கு ஃபிரேம்வொர்க், அதாவது வெப்சைட்டுக்கு அடியில் ஓடும் ரெடிமேட் புரோகிராம், தானாக மெயில் அனுப்பும். அதன் சொந்த டெம்ப்ளேட்டில் இருந்த மாதிரி வாசகம் வறட்டு இங்கிலீஷ். பிரவீன் தனி ஃபோல்டர் போட்டு, "வணக்கமுங்க, உங்க ஊட்டு விசேஷம் எங்க ஊட்டு விசேஷமுங்க" என்று டெம்ப்ளேட் எழுதி, முதலில் அங்கே தேடும்படி செட்டிங்கை மாற்றினான்.

மாமன் உருகிவிட்டார். "கண்ணுல ஒத்திக்கலாம் போங்க தம்பி." சுதா அவனைப் பார்த்த பார்வை இருக்கிறதே, என்னை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை.

விடுவேனா? நானும் ஒரு ஃபோல்டர் போட்டு, தேடும் வரிசையில் அவனுடையதற்கு மேலே வைத்தேன். முதல் ஃபோல்டரில் கிடைத்துவிட்டால் ஃபிரேம்வொர்க் அடுத்ததை எட்டியும் பார்க்காது. (முறைப்பையன் இருக்கையில் சொந்தத்தை விட்டு அசலில் மாப்பிள்ளை தேடுவார்களா?) என்னுடையதுதான் வருகிறதா என்று சோதிக்க, கைக்கு வந்ததை அடித்தேன்: "பிரவீன் ஒரு ஆளே இல்லை. சுதாவுக்கு முறை நான்தான்." வந்தது. ரசித்தேன். அழிக்க மறந்து, அப்படியே லைவில் ஏற்றிவிட்டுப் பரோட்டா சாப்பிடப் போனேன்.

ஆவணி முகூர்த்தங்களுக்கு புக்கிங் குவிகிற நேரம். திரும்பி வந்து உட்கார்ந்ததும் மாமன் ஃபோனில் வந்தார்.

"ஏன்டா, மண்டபம் புக் பண்ணுனவங்க அத்தனை பேரும் என்னையக் கேக்கறாங்க, உங்க பொண்ணுக்கு எப்பங்க கல்யாணம்னு."

"பிரவீன் ஃபோல்டர்ல ஏதோ கோளாறுங்க மாமா."

பக்கத்து நாற்காலி சுதா தன் ஸ்கிரீனை என் பக்கம் திருப்பினாள். மேலே இருந்த ஃபோல்டருக்கு நான் என் பெயரையே வைத்திருந்தேன்.

"ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கறீங்க மச்சான்," என்றாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கோணும்னு தோணலீங்களா?"

நான் அவசரமாக ஃபோல்டரின் பெயரை மாற்றினேன். பிரவீன் அடுத்த வாரமே அவளிடம் நேராகக் கேட்டுவிட்டான். அவளும் சரி என்றாள்.

பெண்ணை அசலில் கொடுக்கும்முன் முறைப்பையனிடம் சம்மதம் கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாமன் கேட்டார். சம்மதம் என்றேன்.

"வாயில சொன்னாப் பத்தாது கண்ணு. அன்னைக்கு மெயில் போன அத்தனை பேருக்கும் சம்மதம்னு மறுபடி ஒண்ணு போட்டுரு."

போட்டேன். டெம்ப்ளேட் எழுதிக் கொடுத்தது பிரவீன், பாராட்டும் அவனுக்கே. இப்போதும் எங்கள் சொந்தத்தில் பெண் பேசி முடித்தால், "முறைப்பையன் மெயில் வந்துருச்சுங்களா?" என்று யாராவது கேட்டபிறகுதான் தாம்பூலம் மாற்றுகிறார்கள்.