வலக்கை நோவும் இடக்கை வேலையும்

இனிமேல் ஊரில் ஒருத்தனும் தன்னைப் பார்த்து "விலகுங்கோ அண்ணை" என்று சொல்லக்கூடாது. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் சோமசேகரம் தீர்மானித்துவிட்டார். திருவிழாவில் சாமி காவத் தோள் கொடுக்கப் போனவரை இளந்தாரிகள் அப்படித்தான் சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். அதுவும் மனைவி கனகாம்பிகை பார்த்துக்கொண்டு நிற்க!

மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டால் தண்ணீர் இறைக்கும் மிசின் கிணற்றடியில் சும்மா கிடந்தது. அதன் சக்கரம் போன்ற இரும்புச் சில்லுகளைக் கழற்றி, இரும்புக் குழாயொன்றின் இரண்டு முனையிலும் கொழுவினார்.

"உதென்ன விளையாட்டு?" என்றாள் கனகாம்பிகை.

"விளையாட்டில்லையப்பா, தேகப்பயிற்சி. வாற வருசம் சாமி என்ரை தோளிலைதான்."

"அப்ப முதல்லை அந்த அரிசி மூட்டையைத் தூக்கி உள்ளை வையுங்கோ."

"அது கூலி வேலை. இது கலை."

கலை நன்றாகத்தான் வளர்ந்தது. முழங்காலுக்கு வந்த பாரம் நெஞ்சுக்கு வந்தது. ஒருநாள் தலைக்கு மேலேயே போய்விட்டது. இந்தக் காட்சியை மனைவி பார்க்கிறாளா என்று சோமசேகரம் மெல்லத் திரும்பினார். வலது தோளில் 'டக்' என்றது. சில்லு வாழைக்குள் போய் விழுந்தது. மனேச்சர் நின்ற இடத்திலேயே குந்திவிட்டார்.

அளவெட்டியில் நாட்டு வைத்தியம் பார்க்கும் ஏரம்புப் பரியாரியார் எண்ணெய் தடவி, மூலிகைப் பத்துப் பூசி, கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார். "தம்பி, சவ்வு விலகியிருக்கு. கையை அசைக்கப்படாது."

சவ்வு விலகியதோடு வீட்டு வேலையும் விலகியது. கனகாம்பிகையே தண்ணீர் அள்ளினாள், விறகு கொத்தினாள், சோற்றைக் குழைத்துக் கவளம் கவளமாக ஊட்டியும் விட்டாள். கலியாணத்துக்கு அடுத்த கிழமைகூடக் கிடைக்காத கவனிப்பு! ஆகவே நோவு மாறிய பிறகும் சோமசேகரம் அதை மாறவிடவில்லை. தனியே இருக்கும்போது காதடியில் ரீங்கரித்த நுளம்பை வலக்கையால் அடித்தார். அவள் காலடி கேட்டால், "ஐயோ, அம்மா!"

ஒருநாள் கனகாம்பிகை எண்ணெய் வாங்க அளவெட்டிக்குப் போய் வந்தாள்.

"பரியாரியார் ஒரு விசயம் சொன்னவர். இடக்கை சும்மா கிடந்தால் ரத்தமெல்லாம் அங்கையே தேங்கிப்போமாம். அதாலைதான் வலக்கை மாறேல்லையாம். இடக்கைக்கு நல்ல வேலை குடுக்கட்டாம்."

"என்ன வேலை?"

"மிளகாய்த்தூள் இடியுங்கோவன்."

மின்சாரமில்லாமல் மில்லும் ஓடாத காலம். சோமசேகரம் இடக்கையில் உலக்கையைப் பிடித்தார். இடித்தார், தும்மினார், மறுபடி இடித்தார். தூள் முடிய அரிசிமா வந்தது. மா முடிய உழுந்து ஆட்ட வேண்டியிருந்தது. இடையிடையே முற்றமும் கூட்டினார். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சிரிப்பு: 'வலக்கை இன்னும் நோகுதெண்டு நம்பிக்கொண்டிருக்கிறாள், அப்பாவி!'

கடைசியில் இடது தோள் மெய்யாகவே நோகத் தொடங்கியது. "பரியாரியாரிட்டைக் காட்டிப்போட்டு வாறன்" என்று சைக்கிளை எடுத்தார். வீட்டை மறைக்கும் ஒழுங்கை முடக்குத் திரும்பியதும் கைக்கட்டை அவிழ்த்து மடியில் செருகிவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அளவெட்டிக்கு மிதித்தார்.

"இடக்கைக்கு வேலையோ?" பரியாரியார் வாய் பிளந்தார். "உம்மடை மனுசி அண்டைக்கு வந்து, 'இவரின்ரை கை எப்ப மாறும்?' எண்டு கேட்டவ. 'அது எப்பவோ மாறியிருக்கும், கட்டை அவிட்டு விடு பிள்ளை' எண்டுதான் நான் சொன்னனான்."

திரும்பி வரும் வழியெல்லாம் சோமசேகரம் யோசித்தார். ஏன் பொய் சொன்னாய் என்று அவளைக் கேட்கலாம். கேட்டால், இவ்வளவு நாளும் முனகியது ஆர் என்று அவள் திருப்பிக் கேட்பாள். ஒழுங்கை முடக்கில் இறங்கி, கைக்கட்டை மறுபடி கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

முற்றத்தில் கனகாம்பிகை உரலடியில் நின்றாள். முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை.

"பரியாரியார் என்ன சொன்னவர்?"

சோமசேகரம் கழுத்துக் கட்டைச் சரிசெய்துகொண்டார். "இடக்கை வேலையை இன்னும் ஒரு கிழமை செய்யட்டாம்."

"ஒரு கிழமையோ? எனக்கு ரெண்டு மாசமெண்டெல்லோ சொன்னவர்!" என்று உலக்கையை நீட்டினாள் கனகாம்பிகை.